அலாரம் அடித்ததும் எதைத் தொடக்கூடாது?

2015 பிப்ரவரி 4-ஆம் தேதி காலை, தைபேயின் சோங்ஷான் விமான நிலையத்திலிருந்து டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம் 58 பேருடன் கிளம்பியது. சுமார் 1,200 அடி உயரத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. மின்னணுக் கருவி ஒன்றில் ஏற்பட்ட பழுதால் வலப்பக்க புரொப்பெல்லரின் இதழ்கள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொண்டன. அந்தப் பக்கம் உந்துவிசை நின்றுபோனது. இடப்பக்க இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. அதை மட்டும் வைத்தே மேலேறி, திரும்பி வந்து இறங்கியிருக்கலாம். ஆனால் கேப்டன் சில நொடிகளிலேயே அந்த நல்ல இன்ஜினின் விசையைக் குறைக்கத் தொடங்கினார். சற்றுப் பொறுத்துச் சரிபார்க்கும்படி துணை விமானி சொன்னதும் காதில் ஏறவில்லை. ஒரு நிமிடத்துக்குள் அந்த இன்ஜினும் அணைக்கப்பட்டது. விமானம் கீலுங் ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள்.

அவர்களைக் கொன்றது பழுது அல்ல, அவசரம் என்றே நான் நினைக்கிறேன். இரண்டு இன்ஜின் கொண்ட பயணிகள் விமானம், ஓடுபாதையிலேயே ஒன்று பழுதானாலும் மற்றொன்றால் மேலேற முடியும் என்று நிரூபித்த பிறகுதான் பயணிகளை ஏற்ற அனுமதி பெறுகிறது. அதனால்தான் தரையிலிருந்து 400 அடி தாண்டும்வரை சக்கரங்களை உள்ளிழுப்பது, மணியை அமர்த்துவது தவிர வேறெதிலும் கைவைக்காதே என்று விமானிகளுக்குக் கற்றுத் தருகிறார்கள். முதலில் விமானத்தை நேராகப் பறக்கவிட வேண்டும். பிறகு ஒருவர் லீவரில் கைவைத்து அது எந்த இன்ஜினுடையது என்று சொல்வார். மற்றவர் பார்த்து ஆமோதித்த பின்பே அது நகர வேண்டும். இயந்திரத்தை வடிவமைத்தவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். ஏர்பஸ் விமானங்களில் உடனடி முக்கியத்துவம் இல்லாத எச்சரிக்கைகள் 1,500 அடி வரை நிறுத்திவைக்கப்படுகின்றன.

இன்ஜினில் தீப்பிடித்தாலுமா காத்திருப்பது என்று கேட்கலாம். நியாயமான பயம்தான். ஆனால் அந்த இன்ஜின் பெரும்பாலும் இறக்கைக்குக் கீழே, தீயைத் தாங்கும் தடுப்புகளுடன் இருக்கிறது. சில நொடி தாமதத்தைவிட, தாழ்வாகப் பறக்கையில் தவறான கைப்பிடியை இழுப்பதே பெரிய ஆபத்து. நேரமே இல்லாத சூழலும் உண்டு என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கேப்டன் சல்லன்பெர்கரின் விமானம் பறவைக் கூட்டத்தில் மோதி இரு இன்ஜின்களும் செயலிழந்தன. மூன்றரை நிமிடங்களில் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார். சரிபார்ப்புப் பட்டியலின் வரிசை வரும்வரை காத்திராமல், வால்பகுதியில் உள்ள துணை மின் இயந்திரத்தை உடனே இயக்கினார். அவர் விதியை மீறியதாக எனக்குத் தோன்றவில்லை. விமானம் கட்டுப்பாட்டில் இருக்க மின்சாரம் வேண்டும்; பறப்பதற்குத் தேவையானதை முதலில் செய்தார். தரை நெருங்குவதாக அலறும் எச்சரிக்கைக்கு விமானி உடனே மூக்கை உயர்த்துவதும் இதே கணக்குதான். இங்கே முக்கியம் வேகமோ நிதானமோ அல்ல, எதற்குப் பின் எது என்ற வரிசை.

அந்த வரிசை, திடுக்கிட்ட மனதுக்குத் தானாக வராது. சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகினால்தான் வரும். பயிற்சிக்குச் செலவிடத் தயங்கும் நிறுவனங்கள் மீது எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தைபே விபத்துக்குப் பிறகு தைவான் அதிகாரிகள் டிரான்ஸ்ஏசியாவின் ஏடிஆர் விமானிகளை அழைத்து, இன்ஜின் செயலிழந்தால் என்ன செய்வீர்கள் என்று வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். 10 பேர் தேறவில்லை.