கொட்டகைக்குப் போய்ப் பார்ப்பது

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பிறந்தவனுக்குச் சினிமாப் பைத்தியம் பிடிப்பது சற்றுச் சங்கடமான விஷயந்தான். மிஷனரிமார்களின் முயற்சியால் உருவாகி, மர்காஷிஸ் ஐயரின் நாமத்தை இன்றும் தன் பள்ளிக்கூடத்திற்குச் சூட்டியிருக்கும் இவ்வூரில், ஞாயிறு ஆராதனைக்குத் தவறாத பெரியவர்கள் பலர், கொட்டகைக்குப் போவதைக் கள்ளுக்கடைக்குப் போவதற்கு அடுத்தபடியான பாவமாகவே நெடுங்காலம் கருதி வந்தார்கள். தென்னாட்டில் சலனப்படத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்டிய முன்னோடி ஒரு கிறிஸ்தவரே என்பதும், அவர் கையிலிருந்த படம் இயேசுநாதரின் ஜீவிய சரித்திரமே என்பதும் அவர்கள் செவிக்கு எட்டியிருந்தால், பாவத்தின் கனத்தைக் கொஞ்சம் குறைத்திருப்பார்களோ என்னவோ!

அவர் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த அவர், படம் காட்டி வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1905-ஆம் ஆண்டில் நோய்வாய்ப்பட்டுத் தாய்நாடு திரும்ப எண்ணியபோது, அவருடைய இயந்திரத்தையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, உத்தியோகத்தை உதறிவிட்டுக் கூடாரத்தோடு புறப்பட்டார். வடக்கே பெஷாவர் வரையில் சென்று படம் காட்டினார் என்றால் அம்மனிதரின் துணிவை என்னென்பது! 1914-இல் கோயம்புத்தூரில் அவர் எழுப்பிய ‘வெரைட்டி ஹால்’ தென்னிந்தியாவின் முதல் நிரந்தரக் கொட்டகைகளுள் ஒன்று. வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் அங்கே இன்றளவும் வழங்குகிறது.

அந்தக் கூடாரத்தின் வாரிசுகளே பிற்காலத்து டூரிங் டாக்கீஸ்கள். தரை டிக்கெட் வாங்கியவன் உள்ளே நுழைந்ததும் முதலில் செய்வது, மணலைக் கைகளால் கூட்டி ஒரு மேடு எழுப்பி, அதன்மேல் ஜமீன்தாரைப்போல் அமர்வது. பின்னாலிருப்பவன் மறைக்கிறதென்று கூச்சலிட, அவனும் தன் பங்குக்கு மணலைக் குவிக்க, விளக்கு அணைவதற்குள் ஒரு சிறு யுத்தமே நடந்து முடியும். ஒற்றை இயந்திரம் உள்ள கொட்டகையில் சுருள் மாற்றும்போது படம் நிற்குமாதலால், முறுக்கும் சோடாவும் விற்பவர்களுக்கு அது நல்ல வேட்டை. உள்ளே ஆபரேட்டரோ கார்பன் குச்சிகளை நெருக்கியும் விலக்கியும் ஒளி மங்காமல் காத்துக்கொண்டிருப்பார். சற்று மங்கினாலும் அவருடைய பரம்பரை முழுவதும் தரை டிக்கெட்டிலிருந்து விசாரிக்கப்படும்.

அந்த இயந்திரம் செய்த ஜாலம் விசித்திரமானது. நொடிக்கு இருபத்துநான்கு படங்கள் வீதம் ஓடும் சுருளில், ஒரு படம் நகர்ந்து அடுத்தது வந்து நிற்கும்வரை ஒரு மூடி ஒளியை மறைத்துவிடுகிறது. ஆகவே திரை கணத்துக்குக் கணம் இருண்டுகொண்டேயிருக்க, அந்த இருளை நம் கண்கள் காண்பதேயில்லை. ஆயிரம் அடிச் சுருள் ஓடி முடிய ஏறத்தாழப் பதினொரு நிமிஷம். இன்று சுருளும் போயிற்று, கார்பனும் போயிற்று. டிஜிட்டல் இயந்திரம் வந்துவிட்டது. அதில் எனக்கு யாதொரு வருத்தமும் இல்லை. மங்கலான படத்தையும் கரகரத்த ஒலியையும் எண்ணி ஏங்குவது வீண் ஆசாரம்.

என் வருத்தமெல்லாம் கூட்டம் கலைந்துபோவதைப் பற்றியதுதான். மணிரத்னத்தின் ‘கடல்’ 2013-இல் வெளிவந்தபோது, எங்கள் பக்கத்து மணப்பாட்டுக் கடற்கரை அகன்ற திரையில் தோன்றிய மாத்திரத்தில் அரங்கத்தில் எழுந்த சலசலப்பை நான் கேட்டிருக்கிறேன். தினமும் காணும் கரைதான், ஆனால் முன்பின் அறியாத நூறு பேரோடு சேர்ந்து அதைக் காணும்போது, அது நம் எல்லோருடைய கரையாகிவிடுகிறது. படம் அப்படியொன்றும் கொண்டாடப்படவில்லை. எனக்கும் அதில் குறைகள் தென்பட்டன. அதே படத்தைப் பின்னர்க் கைப்பேசியில் பார்த்தபோதோ, பாதியில் நிறுத்திவிட்டு மின்கட்டணம் செலுத்தப் போய்விட்டேன்.

ஆகையால் வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இதுவே: நல்ல படமென்று கேள்விப்பட்டால், அது வீட்டுக்கு வரட்டுமென்று காத்திராமல், குடும்பத்தோடு பஸ் ஏறித் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போய்ப் பாருங்கள், கைப்பேசியை மட்டும் அணைத்துவிடுங்கள்.