புண்ணும் கையும்

முகப்பருவைக் கிள்ளுவதும் காய்ந்த பொருக்கைப் பிய்ப்பதும் ஏறத்தாழ எல்லோரிடமும் காணப்படும் சிறு பழக்கங்களே. அதே செயல் நாள்தோறும் நிகழ்ந்து, தோலில் புதுப்புதுப் புண்களை உண்டாக்கி, எத்தனை முறை உறுதி கொண்டாலும் நிற்காமல், படிப்பையோ வேலையையோ பிறரோடு பழகுவதையோ கெடுக்கத் தொடங்கும்போது மருத்துவம் அதைத் தனி நோயாகக் கருதுகிறது. தோல் பிய்ப்பு நோய் என்று தமிழில் சுட்டத்தக்க இதனை, அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஓ.சி.டி. என்று பலரும் அறிந்த எண்ணச் சுழல் நோயின் உறவுக் கோளாறுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு, இதையும் முடி பிடுங்கும் நோயையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்திருக்கிறது. நோய் புதிதன்று. இங்கிலாந்தின் தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் 1875-லேயே இதற்கு ஒரு பெயர் சூட்டினார். பிரெஞ்சு மருத்துவர் லூயி ப்ரோக் 1898-இல், இளம்பெண்கள் பருக்களைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொள்ளும் வடிவத்தைத் தனியே விவரித்தார். ஆயினும் நோய்ப்பட்டியலில் தனியிடம் பெற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனதால், இன்றும் பல குடும்பங்களில் இது கெட்ட பழக்கமென்றும் சில மருத்துவ அறைகளில் வெறும் பருப் பிரச்சினையென்றும் கடந்துபோகிறது.

அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வயது வந்தோரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் 2.1 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்ததாகக் கண்டது. மருத்துவரை நாடி வருவோரில் பெண்களே பெரும்பான்மையர் என்றாலும், பொதுமக்களிடையே எடுக்கப்பட்ட இந்தக் கணக்கில் ஆண்-பெண் வேறுபாடு அவ்வளவு பெரிதாக இல்லை. நோய் பெரும்பாலும் தொடங்குவது பருக்கள் தோன்றும் பதின்ம வயதில். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்தச் செய்திக்குத் தனிப் பொருள் உண்டு. 1954-இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-இல் தோன்றிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரிகள், நுழைவுத்தேர்வுக்குப் பயிற்றுவிக்கும் இண்டர்மீடியட் விடுதிக் கல்லூரிகள் என மாணவர்கள் வந்து குவியும் ஊர் திருப்பதி. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் போன்ற தமிழ் வழங்கும் பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்து தங்குகிறார்கள். தோலைப் பிய்க்கத் தொடங்கும் வயதும் வீட்டைவிட்டு விடுதிக்கு வரும் வயதும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

பிய்த்தல் இரு வகையாக நிகழ்வதாக ஆய்வாளர்கள் பிரிக்கின்றனர். ஒன்று, கண்ணாடிக்கு முன் நின்று, மேடுபள்ளமாகத் தெரியும் ஓரிடத்தைத் தேடி, அதைச் சமன்செய்துவிட வேண்டும் என்ற முனைப்போடு செய்வது. மற்றொன்று, புத்தகத்திலோ கைபேசியிலோ கண் பதிந்திருக்க, விரல்கள் தாமாகவே கன்னத்தையோ முன்கையையோ தலையின் பொருக்கையோ தடவிச் சென்று பிய்ப்பது. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். பதற்றம் மனத்தில் ஏறும்போது உடல் ஏதேனும் ஒரு வடிகாலைத் தேடுகிறது. பிய்த்த கணத்தில் அந்த இறுக்கம் தளர்கிறது. சில நிமிடங்களில் குருதி கசியும் முகத்தைக் கண்டு வெட்கமும் குற்றவுணர்வும் எழுகின்றன. அவ்வெட்கமே அடுத்த பதற்றத்துக்கு விதையாகிறது. பதற்றம் மட்டுமன்றிச் சலிப்பும் களைப்பும்கூட இந்தச் சுழலைத் தொடக்கிவிடும். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் நோக்கம் இதில் இல்லை என்பதையும், நொடிநேர ஆறுதலால் மூளையில் பதிந்துவிட்ட பழக்கத்தை மனவுறுதி ஒன்றால் மட்டும் பெயர்த்தெடுக்க முடியாது என்பதையும் அறிவுரை சொல்ல முன்வருவோர் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

உறவு நோயான முடி பிடுங்குதலுக்குத் திருப்பதியில் ஒரு மறைப்பு உண்டு: ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் கோயிலின் முடிகாணிக்கைக் கூடமான கல்யாணகட்டாவில் முடியிறக்கிக்கொள்ளும் ஊரில், மழித்த தலையைப் பார்த்து யாரும் காரணம் கேட்பதில்லை. முகத்துப் புண்ணுக்கு அத்தகைய மறைப்பு ஏதும் கிடையாது. என்ன ஆயிற்று என்ற கேள்வி பேருந்திலும் வகுப்பிலும் திருமண வீட்டிலும் வந்துகொண்டே இருக்கும்.

இந்நோயைப் பற்றிப் பேசுவோர் மனத்துக்குத் தனி மருத்துவம், தோலுக்குத் தனி மருத்துவம் என்று பிரித்துக்கொள்வது வழக்கம். அந்தப் பிரிவு வசதியானது, ஆனால் பிழையானது. புண் ஆறும் விதமே கையை மீண்டும் அழைப்பதால், கையை அடக்காமல் புண் ஆறாது, புண்ணைச் சரியாக ஆற்றாமல் கையும் அடங்காது. இவ்விரண்டையும் இணைக்கும் கண்ணி பொருக்கு. புண்ணைத் திறந்துவிட்டுக் காற்றாட உலர்த்தினால்தான் ஆறும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வலுவானது. அவ்வாறு உலரும்போது கசிந்த நீரும் குருதியும் இறுகிக் கெட்டியான பொருக்காகின்றன, அதன் விளிம்பு சற்றே தூக்கி நிற்கிறது, தடவிச் செல்லும் விரலுக்கு அந்த விளிம்பைவிடப் பெரிய தூண்டுதல் வேறில்லை. 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான புண்களுள் சிலவற்றை மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடியும் சிலவற்றைத் திறந்தும் வைத்து ஒப்பிட்டபோது, மூடி ஈரமாக வைத்தவற்றின் மேல் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் படர்ந்ததைக் கண்டார். காரணம் எளியது. புண்ணின் ஓரத்திலிருந்து நடுநோக்கி நகரும் புதிய செல்கள் ஈரப்பரப்பில் தடையின்றிச் செல்கின்றன. உலர்ந்த பொருக்கு இருந்தால் அதன் அடியைத் துளைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆகவே மூடிவைத்த புண் விரைவில் ஆறுவதோடு, பிய்ப்பதற்குப் பொருக்கையும் தருவதில்லை.

செய்முறையும் கடினமானதன்று. புண்ணை ஓடும் தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசி, மேலே சிறு பிளாஸ்திரியை ஒட்டி நாள்தோறும் மாற்றுவது பெரும்பாலான சிறு புண்களுக்குப் போதும். மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஹைட்ரோகலாய்ட் ஒட்டு, கசிவை உறிஞ்சிக் கூழாக்கிப் புண்ணை ஈரமாக வைப்பதோடு, கண்ணுக்கும் விரலுக்கும் புண்ணை மறைத்துவிடுவதால் இந்நோயில் இரட்டைப் பயன் தருகிறது. புத்தூர்க் கட்டுக்குப் பேர்போன இந்த வட்டாரத்தாருக்கு இதை விளக்குவது எளிது: எலும்பு கூடும்வரை கட்டு எவ்வாறு கையை அசையவிடாமல் காக்கிறதோ அவ்வாறே தோல் கூடும்வரை ஒட்டு விரலை அணுகவிடாமல் காக்கிறது. பற்பசை, எலுமிச்சைச்சாறு, சுண்ணாம்பு, நீர் கலக்காத கிருமிநாசினி ஆகியவை திறந்த புண்ணை எரித்துப் பெரிதாக்குவனவே. மஞ்சளுக்கு நற்பெயர் உண்டென்றாலும் சிலருக்கு அது ஒவ்வாமையைத் தருவதால், பிய்த்த புண்ணில் கடைப்பொடியைத் தூவுவதைத் தவிர்ப்பது மேல். சிவப்பு பரவினாலோ, சூடும் சீழும் காய்ச்சலும் கண்டாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தலாகாது.

புண் ஆறிய பின் எஞ்சும் கருமை வேறு கதை. மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில், அழற்சி தணிந்த இடத்தில் மெலனின் என்ற நிறப்பொருள் மிகுந்து தங்குவதால் உண்டாகும் கரும்புள்ளி தழும்பன்று. மேலடுக்கில் தங்கியது பல மாதங்களில் தானே மங்கும், ஆழத்தில் இறங்கியது ஆண்டுக்கணக்கில் நிற்கும். சித்தூர் வெயில் அதை மேலும் கருக்கச் செய்யும் என்பதால், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் குடையும் துப்பட்டாவும் எந்தப் பூச்சு மருந்துக்கும் முந்திய மருந்துகள். இங்கேதான் பெரும்பாலோர் தவறான வழியில் திரும்புகிறார்கள். முகம் வெளுக்க வேண்டும், தழும்பு மறைய வேண்டும் என்ற அவசரத்தில், மருந்துச் சீட்டின்றி வாங்கும் கலவைக் கிரீம்களில் வலுவான ஸ்டீராய்டு இருப்பது உண்டு. முதல் வாரத்தில் முகம் தெளிந்ததுபோல் காட்டும் அது, பின்னர்த் தோலை மெலியச் செய்து, பருக்களைப் பெருக்கி, நிறுத்தினால் எரிச்சலைக் கிளப்பி, பிய்ப்பதற்குப் புதிய இடங்களையே தருகிறது. இந்தியாவின் 12 மையங்களில் முகத்தோல் நோயாளிகள் 2,926 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வில் 433 பேர் இத்தகைய ஸ்டீராய்டு பூச்சைப் பயன்படுத்தி வந்தது தெரிந்தது. 2018-இல் நடுவணரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைமுகப்பில் அந்த விதி எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

பிய்க்கும் கையெல்லாம் பதற்றத்தால்தான் பிய்க்கிறது என்று முடிவு கட்டுவதும் தவறு. மாம்பழக்கூழ் ஆலைகளால் பெயர்பெற்ற சித்தூரில் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது: காம்பு ஒடிக்கும்போது பீறிடும் மாம்பாலில், அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த சேங்கொட்டையிலும் முந்திரிக்கொட்டை ஓட்டிலும் உள்ளவற்றைப் போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் இருப்பதால், பறிப்போருக்கும் அறுப்போருக்கும் கையிலும் முகத்திலும் அரிப்போடு கூடிய கொப்புளங்கள் தோன்றிக் கருத்துப்போகின்றன. சிரங்கு, சிறுநீரக நோய், கல்லீரல் நோய், தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறை ஆகியவையும் அரிப்பைத் தரும். அரிப்பு முன்னே வந்து கை பின்னே போகிறதா, அரிப்பே இல்லாமல் கை போகிறதா என்பதைத் தோல் மருத்துவர் முதலில் பிரித்தறிய வேண்டும். தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று உறுதியாக நம்பிப் பிய்ப்பவரின் நோய் வேறு, அதற்கான மருத்துவமும் வேறு.

கைக்குரிய மருத்துவத்தில் நெடுங்காலச் சான்று பெற்றது பழக்க மாற்றுப் பயிற்சி. அமெரிக்க உளவியலாளர்களான நேதன் அஸ்ரினும் ராபர்ட் நன்னும் 1973-இல் வகுத்த இம்முறையின் முதற்படி கவனித்தல்: எந்த நேரத்தில், எந்த அறையில், எந்த மனநிலையில், எந்த விரல் முதலில் புறப்படுகிறது என்பதைச் சில நாள் குறித்துவைத்தாலே, அறியாமல் நிகழ்ந்த செயல் அறிந்து நிகழ்வதாகிவிடும். அடுத்த படி, கை புறப்பட்ட கணத்தில் பிய்த்தலோடு சேர்ந்து நிகழ முடியாத வேறொன்றைச் செய்வது. கைவிரல்களை இறுக மடக்கி ஓரிரு நிமிடம் வைத்திருக்கலாம், திருப்பதிக் கடைகளில் கிடைக்கும் துளசிமணி மாலையை விரலில் உருட்டலாம். பொருத்தமான ஒன்றைக் கண்டுகொள்ளும்வரை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. இவற்றோடு தூண்டும் சூழலைத் திருத்துவதும் சேர்கிறது: நகத்தை ஒட்ட வெட்டுதல், கண்ணாடியிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நிற்றல், குளியலறையின் கூசும் விளக்கை மாற்றுதல், படிக்கும்போது முழுக்கைச் சட்டையோ விரலுறையோ அணிதல். நாள் முழுதும் பிய்க்காமலிருக்க உறுதி கொள்வதைவிட, மிகுதியாகப் பிய்க்கும் ஒரு மணி நேரத்தைத் தேர்ந்து அதை மட்டும் காப்பது நிறைவேறக்கூடிய இலக்கு. மீண்டும் ஒருமுறை பிய்த்துவிட்டால் கழுவி, பூசி, ஒட்டி, மேலே செல்ல வேண்டும்.

குடும்பத்தார் செய்யும் உதவி பெரும்பாலும் அதட்டலாகவே அமைகிறது. “கையை எடு” என்று ஒரு நாளில் இருபது முறை கேட்கும் பெண் பிய்ப்பதை நிறுத்துவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு பிய்க்கிறாள். “கல்யாணத்துக்கு முன்னால் முகத்தைக் கெடுத்துக்கொள்கிறாயே” என்ற பேச்சு பதற்றத்துக்கு எரிநெய். அவளே கேட்டுக்கொண்டால் மட்டும், இருவரும் ஒப்பிய ஒரு சைகையால் நினைவூட்டுவதும், பிய்க்காத நேரத்தைக் கண்டு பாராட்டுவதும், எட்டாத முதுகுப் புண்ணுக்கு ஒட்டுப் போட்டுவிடுவதும் உண்மையான உதவிகள்.

மருந்துகளின் இடம் இரண்டாவது. பதற்றமோ மனச்சோர்வோ உடன் இருந்தால் அவற்றுக்குரிய மாத்திரைகள் பயன்படும். ஆனால் பிய்த்தல் ஒன்றை மட்டும் அவை நிறுத்தும் என்பதற்குச் சான்று கலவையானது. என்-அசெட்டில்சிஸ்டீன் என்ற, சளி இளக்கவும் பாராசிட்டமால் நஞ்சை முறிக்கவும் பயன்படும் மருந்தை 66 பேரிடம் 12 வாரம் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், இறுதிவரை பங்கேற்றவர்களுள் மருந்து பெற்றோரில் 47 விழுக்காட்டினரும் போலி மாத்திரை பெற்றோரில் 19 விழுக்காட்டினரும் நன்கு தேறினர். நம்பிக்கை தரும் செய்திதான் என்றாலும், பாதிக்கு மேற்பட்டோர் அந்த அளவுக்குத் தேறவில்லை என்பதும் அதே கணக்கில் அடங்கியுள்ளது. மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடங்குவது முறையன்று.

திருப்பதியில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ருயா அரசு மருத்துவமனையில் தோல் துறையும் மனநலத் துறையும் உண்டு. சித்தூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது, 1957 முதல் பாகாயத்தில் இயங்கும் அதன் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்வதால் அறியப்பட்டது. எங்கே சென்றாலும் தோல் துறையில் “பரு” என்று மட்டும் சொல்லிக் கிரீம் வாங்கித் திரும்பாமல், “இந்தப் புண்களை நானே பிய்த்து உண்டாக்குகிறேன், நிறுத்த முடியவில்லை” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் சிகிச்சையின் திசையே மாறும். நேரில் சொல்லத் தயங்குவோர், நடுவணரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்து, தமிழிலோ தெலுங்கிலோ பேசலாம்.