கூப்பா ட்ரூப்பா

கூப்பா ட்ரூப்பா என்பது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்டு வரும் மாரியோ நிகழ்பட ஆட்டத் தொடரில் இடம்பெறும், ஆமை போன்ற உருவமுடைய காலாட்படை எதிரி ஆகும். ஆட்டத்தின் முதன்மை எதிரியான பௌசர் என்னும் அரசனின் படையில் இது கடைநிலை வீரன். இதன் ஜப்பானியப் பெயர் நோக்கோநோக்கோ. தமிழின் இரட்டைக்கிளவியைப் போன்ற இச்சொல், கவலையின்றி மெல்ல நடந்து வருவதைக் குறிக்கும். ஓடியும் குதித்தும் ஆடும் ஆட்டங்களில் அறிமுகமான இவ்வெதிரி, பின்னர் பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களிலும் இடம்பெற்றது. எளிதில் தோற்கும் எதிரியாக இருந்தும், ஆட்டத்தின் விதிகளை ஆடுபவருக்குச் சொல்லாமல் சொல்லிக் கொடுப்பது இதன் சிறப்பு ஆகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

இதன் முன்னோடி, 1983 ஆம் ஆண்டு வெளிவந்த மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தில் வரும் ஆமை எதிரி ஆகும். அவ்வாட்டத்தில் மாரியோ ஆமையின் மேல் குதித்தால் மாரியோவே தோற்றுவிடுவான். ஆமை நிற்கும் தளத்தைக் கீழிருந்து முட்டி, அதைக் கவிழ்த்து, அது மீண்டும் எழும் முன் உதைத்துத் தள்ள வேண்டும். கீழிருந்து அடித்தால் கவிழ்வதற்கும், சிறிது நேரம் செயலற்றுக் கிடப்பதற்கும் ஆமையின் உருவம் பொருத்தமாக அமைந்தது.

1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தில் இவ்விதி தலைகீழானது. இங்கு மேலிருந்து மிதிப்பதே தாக்கும் முறை. மிதிபட்ட கூப்பா ஓட்டுக்குள் ஒடுங்கிவிடும். அவ்வோட்டை உதைத்தால் அது சறுக்கிச் சென்று வழியிலுள்ள பிற எதிரிகளை வீழ்த்தும். தடுப்பில் மோதித் திரும்பி வந்தால் மாரியோவையும் தாக்கும். உதைக்காமல் விட்டால் கூப்பா சிறிது நேரத்தில் மீண்டும் எழுந்து நடக்கும். பச்சை ஓடுடையது மேட்டின் விளிம்பில் நில்லாமல் கீழே விழுந்துவிடும். சிவப்பு ஓடுடையது விளிம்பைக் கண்டதும் திரும்பிவிடும். இவ்வாறு நிறமே எதிரியின் இயல்பை உணர்த்துவதாக அமைந்தது.

1990 ஆம் ஆண்டின் சூப்பர் மாரியோ வேர்ல்டு ஆட்டத்தில் கூப்பாக்கள் இரண்டு கால்களில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கின. அதில் மிதிபட்ட கூப்பா ஓட்டை விட்டு வெளியே தள்ளப்படும்.

பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில்

பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்கள் பலவற்றில் சண்டை முறைவைத்து நடைபெறும். ஒருவர் தாக்கிய பின்னர் மற்றவர் தாக்குவார். வெற்றி தோல்வியை உயிர்ப்புள்ளி, தாக்குதல், தற்காப்பு ஆகிய எண்கள் தீர்மானிக்கின்றன. எதிரியை வென்றால் பட்டறிவுப் புள்ளிகள் கிடைக்கும். அவை சேரச்சேர ஆடுபவரின் பாத்திரம் வலுப்பெறும். ஆகவே இவ்வகை ஆட்டங்களின் தொடக்கத்தில் எளிய எதிரி ஒன்று தேவைப்படுகிறது. 1986 ஆம் ஆண்டு வெளிவந்த டிராகன் குவெஸ்ட் ஆட்டத்தின் சிலைம் என்னும் கூழுயிரி இத்தகைய எதிரிக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆகும்.

மாரியோ தொடரின் முதல் பாத்திரமேற்பு ஆட்டமான சூப்பர் மாரியோ ஆர்பிஜி, ஸ்குவேர் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு 1996 ஆம் ஆண்டு வெளிவந்தது. இதன் மறுவாக்கம் 2023 நவம்பர் 17 அன்று வெளியானது. இவ்வாட்டம் பௌசரின் கோட்டையில் தொடங்குகிறது. அங்குக் காவல் நிற்கும் டெராபின் என்னும் ஆமை வீரர்களே மாரியோ முதலில் சந்திக்கும் எதிரிகள். டெராபின் என்பது நன்னீர் ஆமை வகைகள் சிலவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். கதையின் போக்கில் வேறொரு பகைவன் கோட்டையைக் கைப்பற்ற, பௌசரின் படை சிதறுகிறது. படையிழந்த பௌசர் பின்னர் மாரியோவின் அணியிலேயே சேர்கிறான்.

கவிழ்த்தலும் கணக்கும்

2000 ஆம் ஆண்டு வெளிவந்த பேப்பர் மாரியோ ஆட்டத்தில் கூப்பாவின் இயல்பு எண்களாக மாற்றப்பட்டது. இதில் கூப்பா ட்ரூப்பாவுக்கு உயிர்ப்புள்ளி 4, தாக்குதல் 1, தற்காப்பு 1. தாக்குதல் வலுவிலிருந்து தற்காப்பைக் கழித்தால் வருவதே சேதம். எனவே வலு 1 உள்ள அடி, நின்றுகொண்டிருக்கும் கூப்பாவுக்கு எவ்விதச் சேதமும் விளைவிக்காது.

ஆனால் மாரியோ அதன் மேல் குதித்தால் கூப்பா மல்லாந்து விழும். விழுந்து கிடக்கையில் அதன் தற்காப்பு 0 ஆகும். அது திருப்பித் தாக்கவும் முடியாது. வலு 2 உள்ள அடியை எடுத்துக்கொண்டால், நிற்கும் கூப்பாவை வீழ்த்த 4 அடிகள் தேவை. கவிழ்ந்து கிடக்கும் கூப்பாவை வீழ்த்த 2 அடிகளே போதும். எதிரியை வெறுமனே அடித்துக்கொண்டிருப்பதை விட அதன் நிலையை முதலில் மாற்றுவது பயன் தரும் என்பதை ஆடுபவர் இதன்மூலம் தாமே கண்டறிகிறார். பின்னர் வரும் வலிய எதிரிகளிடமும் இவ்வறிவு பயன்படுகிறது. மாரியோவின் நிலை உயர உயர இத்தகைய சிறிய எதிரிகளிடமிருந்து கிடைக்கும் புள்ளிகள் குறைந்து இறுதியில் இல்லாமற் போவதால், கற்ற பாடத்தைத் தாண்டி முன்செல்ல வேண்டியதாகிறது.

எதிரியும் தோழனும்

பேப்பர் மாரியோவில் எல்லாக் கூப்பாக்களும் படைவீரர்கள் அல்லர். கூப்பாக்கள் அமைதியாக வாழும் சிற்றூர் ஒன்றும் உண்டு. அங்கு ஓடு களவுபோன கூப்பர் என்பவனுக்கு மாரியோ ஓட்டை மீட்டுத் தருகிறான். கூப்பர் மாரியோவின் துணைவனாகிறான். 2004 ஆம் ஆண்டு வெளிவந்த அடுத்த ஆட்டத்தில் கூப்ஸ் என்னும் கூச்சமிக்க கூப்பா, தன் தந்தையை விழுங்கியதாகக் கருதப்படும் பறவைநாகத்தை எதிர்க்க மாரியோவுடன் புறப்படுகிறான். சண்டையில் எதிரி கூப்ஸின் மேல் குதித்தால் அவனும் மல்லாந்து விழுவான். எதிரிக்கு வகுத்த விதி தோழனுக்கும் பொருந்துவதால், அதுவரை தாம் பயன்படுத்திய உத்தியை மறுபக்கத்திலிருந்தும் ஆடுபவர் உணர நேர்கிறது.

தமிழக ஆட்டங்களுடன் ஒப்புமை

வலுக்குறைந்த காய்க்கு முக்கிய இடம் தருவது நிகழ்பட ஆட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. சதுரங்கத்தில் காலாள் ஒருமுறைக்குப் பெரும்பாலும் ஒரு கட்டமே நகர்ந்தாலும், எதிர்முனையை அடைந்தால் அரசியாக உயர முடியும். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளுக்கு எதிராக 15 ஆடுகள் ஆடப்படுவது வழக்கம். ஆட்டால் புலியை வெட்ட முடியாது. ஆயினும் ஆடுகள் ஒன்றுகூடிப் புலிகளை நகரவிடாமல் அடைத்தால் வெற்றி அவற்றுக்கே. காலாள் உயர்வினாலும் ஆடு ஒற்றுமையினாலும் வெல்ல, கூப்பாவோ தோற்பதன் மூலமே தன் பணியைச் செய்கிறது.

உண்மையான ஆமைகள்

ஆட்டத்தில் காட்டப்படுவதைக் கொண்டு ஆமைகளின் இயல்பை அறிந்துகொள்ள முடியாது. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டுடன் இணைந்தவை. ஆகவே எந்த ஆமையும் ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வர இயலாது. கடலாமைகளால் தலையையும் துடுப்புக் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடற்கரைகளை அடுத்த பாக்கு விரிகுடாவின் கடற்புல் பரப்புகள் பேராமை எனப்படும் பச்சைக் கடலாமையின் மேய்ச்சல் நிலங்களுள் அடங்கும்.

மல்லாந்த ஆமை எழவே முடியாது என்பதும் எல்லா ஆமைகளுக்கும் பொருந்தாது. தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையின் ஓடு குவிமாடம் போல உயர்ந்தது. அங்கேரிய அறிவியலாளர்களான டோமோகோசும் வார்கோன்யியும், எப்படி வைத்தாலும் தானே நிமிர்ந்துவிடும் கோம்போக் என்னும் திண்ம வடிவத்தை 2006 இல் உருவாக்கிக் காட்டினர். நட்சத்திர ஆமையின் ஓடு அவ்வடிவத்தைப் பெரிதும் ஒத்துள்ளதை அவர்கள் பின்னர் எடுத்துக்காட்டினர். இத்தகைய ஆமை கவிழ்ந்தால் ஓட்டின் வடிவமே அது புரண்டு எழ உதவுகிறது.

நட்சத்திர ஆமையும் கடலாமைகளும் 1972 ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம் ஆகும்.