ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்து கிளம்பறீங்களா? பாஸ், பிரேக், ஆத்துத் தண்ணி... மூணையும் பாத்துக்குங்க!

கோவை: பரீட்சை முடிஞ்சு பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. வெயில் மண்டையைப் பிளக்குது. வீட்டில் இருக்கும் வாண்டுகளோ "எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அப்பா, அம்மாவுக்கு இருப்பதோ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கோவைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பும் தூரத்தில் மலை, அணை, ஆறு எல்லாமே இருக்கு. ஆனால் மே மாசத்தில் செக்போஸ்ட்டில் மடக்கி திருப்பி அனுப்பப்படும் குடும்பங்களும், ஆற்றில் இறங்கி திரும்பி வராத பிள்ளைகளும் இந்த மாதிரி ஒரு நாள் டூர் கிளம்பியவர்கள்தான். அதனால் எங்கே போகலாம், போகும் முன் எதைப் பார்க்கணும் என்று ஒரு ரவுண்டு பார்த்துவிடலாம்.

ஊட்டி: முதல்ல பாஸ், அப்புறம் பூ

மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாகப் போனால் கோவையில் இருந்து ஊட்டி 90 கிலோ மீட்டருக்குள்தான். சாதாரண நாளில் 3 மணி நேரம். மே மாச ஞாயிற்றுக்கிழமை என்றால் எவ்வளவு நேரம் ஆகும்னு யாராலும் சொல்ல முடியாது.

சென்னை ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. முதலில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. 2025 ஏப்ரல் 1 முதல் கோடை சீசனுக்கு எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு போட்டார்கள். வார நாளில் 6 ஆயிரம் வண்டி, சனி, ஞாயிறில் 8 ஆயிரம் வண்டி, அவ்வளவுதான். மலையில் இருக்கும் ரோடு, தண்ணீர், பார்க்கிங் எத்தனை வண்டியைத் தாங்கும் என்பதுதான் கோர்ட் கேட்ட கேள்வி.

பாஸுக்குக் காசு கிடையாது. ஆன்லைனில் வண்டி நம்பர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை கொடுத்தால் போதும். ஆனால் சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து தேடாதீங்க. தேதி முடிவான அன்றே போட்டுவிடுங்கள். எண்ணிக்கையும் விதியும் சீசனுக்கு சீசன் மாறும் என்பதால் அதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ் கிடைக்கவில்லையா? மேட்டுப்பாளையத்தில் இருந்து அரசு பஸ் ஏறிவிடுங்கள். அதற்குப் பாஸ் வேண்டாம், பார்க்கிங் தொல்லையும் இல்லை.

தோட்டக்கலைத் துறை மே மாசம் முழுக்க கோடை விழா நடத்துகிறது. கோத்தகிரி நேரு பார்க்கில் காய்கறி கண்காட்சி, கூடலூரில் வாசனை திரவிய கண்காட்சி, ஊட்டியில் ரோஜா, மலர் கண்காட்சிகள், குன்னூர் சிம்ஸ் பார்க்கில் பழக் கண்காட்சி என்று வரிசையாக வரும். 2025-ல் நடந்த 127-வது மலர் கண்காட்சி மே 15 முதல் 25 வரை 11 நாள் நடந்தது.

எல்லாரும் மலர் கண்காட்சிக்குத்தான் போவார்கள். 1848-ல் தொடங்கிய அந்த தாவரவியல் பூங்கா 55 ஏக்கர். அதில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்தே அரை நாள் போய்விடும். கைக்குழந்தை, வயசான பெரியவங்க இருக்கும் வீடு என்றால் கோத்தகிரியோ குன்னூரோ போதும். அங்கேயும் குளிர் உண்டு, தூரமும் கூட்டமும் குறைவு.

ஏறின கியரில் இறங்குங்க

சீசனில் போலீசார் வழக்கமாக குன்னூர் வழியாக ஏறவும், கோத்தகிரி வழியாக இறங்கவும் விடுவார்கள். ஏறும்போது இன்ஜின் சூடாகும். ஓரம்கட்டி கொஞ்ச நேரம் நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போதுதான் ஆபத்து.

பெட்ரோல் மிச்சம் பண்ணுகிறேன் என்று சிலர் நியூட்ரலில் இறக்குவார்கள். அப்போது வண்டியின் மொத்த பாரமும் பிரேக் தலையில்தான். விடாமல் மிதிக்க மிதிக்க பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. "எந்த கியரில் ஏறினியோ அதே கியரில் இறங்கு" என்று மலை டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கருகுகிற வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்கு முதலில் வழி விடணும், இது மலைப்பாதை விதி.

இன்னொண்ணு. குன்னூர் ரோட்டில் பர்லியார் பக்கம் பலா பழுக்கும் சீசன் இது. வாசனைக்கு யானைகள் ரோட்டுக்கே வரும். செல்போனை நீட்டிக்கொண்டு இறங்காதீங்க. வண்டியைத் தள்ளியே நிறுத்தி, அது போகிற வரை பொறுத்திருங்கள்.

வால்பாறைக்கும் பாஸ்

பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. 9-வது வளைவில் இருந்து பார்த்தால் ஆழியாறு அணை மொத்தமும் கீழே தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறை மேல் வரையாடு நிற்கும். இங்கேயும் 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் வந்துவிட்டது.

குழந்தைகளுக்கு வாந்தி வரும் என்றால் மேலே ஏறவே வேண்டாம். ஆழியாறு அணை, பார்க்கோடு திரும்பிவிடலாம். குரங்கு அருவி, கோவைக் குற்றாலம் இரண்டும் வனத்துறை கையில். மே மாசம் தண்ணி நூல் மாதிரி வந்தாலும் மூடுவார்கள், மழை பிடித்து வெள்ளம் வந்தாலும் மூடுவார்கள். திறந்திருக்கா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மழையே இல்லாமல் ஆறு பொங்கும்

மலை வேண்டாம், தண்ணியில் ஆட்டம் போடணும் என்பவர்களுக்கு பவானிசாகரும் கொடிவேரியும் இருக்கு. 105 அடி கொள்ளளவு உள்ள பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிக்கப்பட்டது. பார்க்கில் பிள்ளைகளை விட்டுவிட்டு சுடச்சுட மீன் வறுவல் சாப்பிடலாம். கோபி பக்கத்தில் கொடிவேரி தடுப்பணையில் அருவி மாதிரி தண்ணி கொட்டும். பவானிசாகரில் இருந்து அதிகமாகத் திறந்துவிட்டால் அங்கே குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்.

பயப்பட வேண்டிய இடம் மேட்டுப்பாளையம் பவானி ஆறு. முழங்கால் தண்ணிதானே என்று பாறை மேல் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார்கள். மேலே பில்லூர் அணையில் கரண்ட் எடுக்க தண்ணி விட்டால், இங்கே ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் ஆறு திடுதிப்பென்று ஏறும். நடு ஆற்றுப் பாறையில் இருப்பவர்கள் கரைக்கு வர வழி இருக்காது. உள்ளூர்க்காரர் "இறங்காதீங்க" என்றால் வாக்குவாதம் வேண்டாம், கேட்டுக்குங்க.

2023 அக்டோபரில் வால்பாறை சோலையாறு எஸ்டேட் பகுதி ஆற்றில் குளிக்க இறங்கிய கோவை கல்லூரி மாணவர்கள் 5 பேர் மூழ்கி இறந்தார்கள். மேலே பார்க்க அமைதியாக ஓடும் ஆற்றில் அடியில் குழியும் சுழலும் இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

ஒருத்தர் மூழ்கினால் காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து போவதுதான் இதில் பெரிய கொடுமை. மூழ்குகிறவர் பயத்தில் கழுத்தைக் கட்டிப் பிடிப்பார், நீச்சல் தெரிந்தவரே திணறிவிடுவார். அதனால் குதிக்காதீங்க. கரையில் படுத்தபடி வேட்டி, சேலை, கயிறு, நீளக் கம்பு எதையாவது நீட்டுங்கள். காலி தண்ணி கேன், காற்றடித்த ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் போட்டாலும் பிடித்துக்கொண்டு மிதப்பார். சத்தம் போட்டு ஆள் சேர்த்துக்கொண்டே 112-க்கு போன் போடுங்கள்.

கிளம்பும் முன்...

சனிக்கிழமையே டயர் காற்று, பிரேக், கூலன்ட் பார்த்துவிடுங்கள். விடியற்காலை 5 மணிக்கு வண்டி எடுத்தால் மேட்டுப்பாளையம் நெரிசலில் மாட்டாமல் தப்பிக்கலாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். நிறுத்திய காருக்குள் குழந்தையைத் தூங்கவிட்டு "ரெண்டு நிமிஷத்தில் வர்றேன்" என்று போகவே போகாதீங்க. வெயிலில் கண்ணாடி ஏற்றிய கார் கொஞ்ச நேரத்திலேயே அடுப்பாகிவிடும்.

இருட்டும் முன் மலையை விட்டு இறங்கிவிடுங்கள். பார்க்காமல் விட்ட இடம் இருந்தால் இருக்கட்டும். மலை எங்கேயும் போகாது, அடுத்த லீவுக்குப் பார்த்துக்கலாம்.