நீர்க்கடுப்புக்குப் பின்னால் மறையும் வலி

ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பலர் நீர்க்கடுப்பு என்றுதான் மருத்துவரிடம் போகிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஓர் அறிவுரை. இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே எரிச்சல். பிறப்புறுப்பு வறண்டு அரிப்பதையோ, கணவரோடு சேரும்போது பிளேடால் கீறுவதுபோல வலிப்பதையோ அவர்கள் சொல்வதில்லை. 'பேரன் பேத்தி எடுத்த வயசில் இதைப் போய் எப்படிச் சொல்வது?' மருத்துவரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

எரிச்சல், அரிப்பு, வலி எல்லாவற்றுக்கும் பல நேரங்களில் வேர் ஒன்றுதான். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சரிகிறது. யோனிச் சுவர் மெலிந்து, ஈரமும் நெகிழ்வும் குறைகின்றன. அங்கே காவல் இருந்த லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்கள் குறைய, அமிலத்தன்மையும் போய், கிருமிகள் எளிதாகக் குடியேறுகின்றன. பக்கத்திலேயே சிறுநீர்த் துவாரம் இருப்பதால் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. மாதவிடாய் நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. உடம்பு திடீரெனக் கொதித்து வியர்ப்பது பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் தணிந்துவிடும். வறட்சி அப்படித் தானாகத் தணிவதில்லை. கவனிக்காமல் விட்டால் கூடும்.

வயதானால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. வைத்தியம் இருக்கிறது, எளியதுதான்.

யோனிக்கென்றே உள்ள மாய்ஸ்சரைசரை வாரம் இரண்டு மூன்று முறை பூசலாம். உறவின்போது நீர் சார்ந்த லூப்ரிகன்ட் போதும். இரண்டும் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். ஆணுறை அணிபவர்கள் எண்ணெய் தொடக்கூடாது. அது ரப்பரைக் கெடுத்துவிடும். சோப்பும் வாசனைத் திரவங்களும் வறட்சியைக் கூட்டவே செய்யும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினாலே சுத்தம்தான்.

இதில் தீராவிட்டால், மருத்துவர் யோனிக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு முறை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். 1993-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு ஒன்றில், சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும் பெண்களுக்கு இத்தகைய கிரீமைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்றுக் கிரீம் பூசியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று வந்தது. மருந்துக் கிரீம் பூசியவர்களுக்கு 0.5 முறை மட்டுமே. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் இந்தச் செய்தி நம் வீடுகளை எட்டவில்லை என்பது வேதனை.

'ஹார்மோன் என்றால் கேன்சர்' என்ற பயம் 2002-இல் ஹார்மோன் மாத்திரைகள் பற்றி அமெரிக்காவில் வந்த ஆய்வு முடிவிலிருந்து பரவியது. கிரீமில் உள்ள அளவு மிகக் குறைவு. ரத்தத்தில் சேர்வது சொற்பம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

யோனிக்கு லேசர் வைத்தால் 'இளமை திரும்பும்' என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். தீக்காயமும் தழும்பும் நேர்வதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் எச்சரித்தது. 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு பார்த்தால் நிஜ லேசருக்கும் பெயரளவில் செய்த போலி லேசருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பின் துளி ரத்தம் பட்டாலும் உடனே பரிசோதனை வேண்டும். வறட்சியாலும் வரலாம், கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

அறுவைச் சிகிச்சையில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், மாதவிடாய் நிற்கும் காலம் ஒரே நாளில் வந்து சேரும். வறட்சியும் கடுமையாகவே இருக்கும். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் 1995-இல் லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்குத்தான் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருக்கையில், தாயாரிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். அவசர நிலை இல்லாதபோது நோயாளியின் சொந்தச் சம்மதமே செல்லும், தாயின் ஒப்புதல் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஆகவே கையெழுத்திடும் முன் கேளுங்கள்: எதை எடுக்கப் போகிறீர்கள், ஏன், எடுக்காமல் மருந்தில் குணமாக்க முடியாதா? ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கக் கேட்பதும் நோயாளியின் உரிமை.

வீட்டிலும் இதே போல வெளிப்படையான பேச்சு வேண்டும். வலிக்கிறது என்றால் நிறுத்துவதும், சிகிச்சைக்கு உடன் வருவதும் கணவரின் பொறுப்பு. மீறி வற்புறுத்தினால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே கணக்கில் கொள்கிறது. அறுபது வயதானாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு; 181 என்ற எண்ணை அழைத்து உதவி கேட்கலாம்.