முதல் முறை ஸ்கீயிங் போறீங்களா? குல்மார்க் பனியில் இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜனவரி வந்துவிட்டால் போதும், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் முழுக்க குல்மார்க்தான். வெள்ளை வெளேர்னு பனி, கலர் கலரா ஜாக்கெட், காலில் ரெண்டு பலகை, சர்ருன்னு ஒரு சறுக்கல். பார்க்கும்போது ரொம்ப ஈஸியாகத் தெரியும். ஆனால் அந்த 20 விநாடி வீடியோவுக்குப் பின்னால் எத்தனை முறை விழுந்தார்கள் என்பதை யாரும் போடுவதில்லை.

முதல் நாள் விழுவது சகஜம். விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டே அறைக்குத் திரும்புவதா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்புவதா என்பது பெரும்பாலும் கிளம்புவதற்கு முன் செய்யும் தயாரிப்பில்தான் இருக்கிறது.

ஏன் குல்மார்க்?

ஸ்ரீநகரில் இருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குல்மார்க். இந்தியாவின் முக்கியமான ஸ்கீயிங் தலம் இதுதான். 2020-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்தன. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரரான முகமது ஆரிஃப் கான், இந்தச் சரிவுகளில் சறுக்கிப் பழகியவர்.

வழக்கமாக டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை சீசன். ஆனால் பனி நம் டிக்கெட் தேதியைப் பார்த்து விழாது. 2024 ஜனவரியில் சீசன் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் குல்மார்க் பனியே இல்லாமல் வறண்டு கிடந்தது. எனவே, விமான டிக்கெட், ஹோட்டல் புக் பண்ணும்போது தேதி மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

உடம்பு ரெடியா?

ஸ்கீயிங்கில் அதிகம் வேலை செய்வது தொடைத் தசைகள். நாள் முழுக்க முழங்காலை லேசாக மடக்கியே நிற்க வேண்டும். அதாவது, பாதி உட்கார்ந்த நிலையில் மணிக்கணக்கில் இருப்பது மாதிரி. பயணத்துக்கு நான்கைந்து வாரம் முன்பே ஸ்குவாட், லஞ்சஸ், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல உட்காரும் பயிற்சி ஆகியவற்றைத் தொடங்கலாம். மாடிப்படி ஏறுவதை விட இறங்குவது இதற்கு இன்னும் நெருக்கமான பயிற்சி.

அடுத்தது உயரம். சென்னை மாதிரி கடலோர ஊரில் இருந்து ஒரே நாளில் 2,650 மீட்டருக்குப் போய் நிற்கும்போது சிலருக்குத் தலைவலி, குமட்டல், மூச்சுவாங்கல், தூக்கமின்மை வரலாம். போன அன்றைக்கே பனியில் இறங்காமல் ஒரு நாள் ஓய்வு எடுப்பது, தண்ணீர் நிறைய குடிப்பது, மதுவைத் தவிர்ப்பது உதவும். தலைவலி குறையாமல் அதிகமாகிக்கொண்டே போனால் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. உயரம் குறைந்த இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். இதய, நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பவே வேண்டாம்.

என்ன போட்டுக்கொள்வது?

பலரும் செய்யும் தவறு, வீட்டில் இருக்கும் காட்டன் டி-ஷர்ட்டை உள்ளே போட்டு, மேலே ரெண்டு ஸ்வெட்டர் மாட்டுவது. ஸ்கீயிங்கில் குளிரோடு சேர்ந்து வியர்வையும் வரும். காட்டன் அதை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஈரத் துணி உடம்பை ஜில்லிட வைத்துவிடும்.

எனவே மூன்று அடுக்கு: உள்ளே வியர்வையை வெளியேற்றும் தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், மேலே நீர் புகாத ஜாக்கெட், பேன்ட். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். கம்பளிக் கையுறை பனி பட்டதும் நனைந்துவிடும் என்பதால் நீர் புகாத கையுறை தேவை.

சாக்ஸ் ஒரே ஒரு ஜோடிதான். குளிருதேன்னு ரெண்டு மாட்டினால் பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிட்டுப் போகும்.

வெயில் இல்லையே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர்களின் அளவு சுமார் 10 சதவீதம் கூடும். புதிதாக விழுந்த பனி அந்தக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கண்ணாடி போடாவிட்டால் கண் எரிச்சலும் தற்காலிகப் பார்வைக் குறைபாடும் வரலாம்.

வாடகைக் கடையில் என்ன கவனிக்கணும்?

பூட்ஸ்: நேராக நின்றால் கால்விரல் முனை லேசாக முன்பக்கம் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் பின்னால் நகர வேண்டும். குதிகால் மேலே தூக்கவே கூடாது.

பைண்டிங்: பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் கருவி. விழும்போது இது தானாகக் கழன்றால்தான் முழங்கால் தப்பிக்கும். இது எந்த அழுத்தத்தில் கழல வேண்டும் என்பது எடை, உயரம், வயது, பூட்ஸ் அளவு, அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்தது. கடைக்காரர் இதையெல்லாம் கேட்காமல் பலகையை நீட்டினால், 'செட் பண்ணிக் கொடுங்க' என்று நாமே கேட்கலாம். எடையைக் குறைத்துச் சொல்லும் இடம் இதுவல்ல.

ஹெல்மெட்: கேட்டு வாங்க வேண்டும். 'முதல் நாள்தானே, தேவையில்லை' என்று யார் சொன்னாலும் சரி.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா?

ஸ்கீயில் இரண்டு காலும் தனித்தனி பலகையில், முகம் முன்னோக்கி. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில், உடம்பு பக்கவாட்டில். முதல் நாளில் ஓரளவு நகர ஸ்கீ எளிது என்பது பரவலான கருத்து. ஸ்கீயில் முழங்கால் காயமும், ஸ்னோபோர்டில் மணிக்கட்டுக் காயமும் அதிகம். ஸ்னோபோர்ட் எடுப்பவர்கள் மணிக்கட்டு உறை அணிவது, விழும்போது உள்ளங்கையை ஊன்றாமல் கையை மூடிக்கொண்டு முன்கையில் விழப் பழகுவது முக்கியம்.

முதல் நாளில் என்ன கத்துப்பீங்க?

முதல் பாடம் நிறுத்துவது. இரண்டு பலகைகளின் முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து, பீட்சா துண்டு மாதிரி வைத்தால் வேகம் குறையும். அடுத்து, பயத்தில் பின்னால் சாயாமல் இருப்பது. பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் எடை இருக்காது, திருப்பவும் முடியாது. கணுக்காலுக்கு மேல் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்துகிற அளவுக்கு முன்னால் சாய வேண்டும்.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் விழுவது பாதுகாப்பானது. சறுக்கிக்கொண்டு இருக்கும்போதே எழ முயற்சிக்கக் கூடாது. நின்ற பிறகு, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து எழ வேண்டும். மேலே இழுத்துச் செல்லும் டிராக் லிஃப்ட்டில் உட்காரக் கூடாது. நின்றபடியே இழுத்துச்செல்ல விட வேண்டும்.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதிப்படி, முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. பின்னால் வருபவர்தான் மோதாமல் வழி பார்த்துப் போக வேண்டும்.

இவற்றையெல்லாம் நண்பரிடமோ யூடியூபிலோ கற்றுக்கொள்வதைவிட பயிற்சியாளரிடம் கற்பதே சரி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கில் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது.

கோண்டோலாவில் மேலே போகலாமா?

பார்க்கப் போகலாம். சறுக்க வேண்டாம். கோண்டோலா கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரி வரையும், இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் உள்ள அபர்வாத் வரையும் செல்கிறது. அபர்வாத் சரிவுகள் அனுபவசாலிகளுக்கானவை. அங்கே கண்காணிப்பு எல்லைக்கு வெளியே போனால் பனிச்சரிவு ஆபத்து நிஜம். 2023 பிப்ரவரியில் இங்கே பனிச்சரிவில் சிக்கி போலந்து நாட்டைச் சேர்ந்த 2 பேர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் பலியானார். அனைவரும் ஸ்கீயிங் செய்ய வந்தவர்கள்.

'ஒரே நாள்ல மேல கூட்டிட்டுப் போறேன் சார்' என்று யாராவது அழைத்தால், தயங்காமல் மறுத்துவிடலாம். புதியவர்களுக்கு கீழே உள்ள மென்மையான சரிவுகளே போதும்.

கிளம்பும் முன் கடைசியாக

- வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்பு தேவை.
- பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு அடங்குமா என்று பாலிசியைப் படித்துப் பார்க்கவும். பலவற்றில் அடங்காது.
- பனி அதிகமானால் தங்மார்க்கில் இருந்து சக்கரத்தில் சங்கிலி கட்டிய வாகனத்துக்கு மாற வேண்டியிருக்கும். அதற்கான நேரத்தையும் செலவையும் கணக்கில் வைக்கவும்.
- 'கடைசியா ஒரே ஒரு ரவுண்டு' என்று தோன்றும்போது கால் தளர்ந்திருக்கும். களைத்த காலோடு சறுக்குவது ஆபத்து. அந்த ரவுண்டை அடுத்த நாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.