ஹஜ்ஜில் வெயிலும் நடையும்: பயணம் செல்லும் குடும்பங்களுக்கு



ஹஜ் பயணத்துக்குப் பெயர் வந்ததும் நம் வீடுகளில் பெட்டி, இஹ்ராம் துணி, பருப்புப்பொடி, ஊறுகாய் என்று ஏற்பாடுகள் தொடங்கிவிடுகின்றன. வெயிலில் நடப்பதற்கான ஏற்பாட்டை மட்டும் பலர் மறந்துவிடுகிறோம். 2024 ஜூன் 17 அன்று மக்கா ஹரம் ஷரீஃபில் 51.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. அந்த ஆண்டு ஹஜ்ஜில் 1,301 பேர் மரணமடைந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். நிழலோ தங்குமிடமோ இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். ஆகவே, குறுக்கு வழியில் அழைத்துப் போகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

முறையாகச் செல்பவர்களுக்கும் நடை உண்டு. ஸஃயி மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல். மினாவிலிருந்து அரஃபா சுமார் 14 கி.மீ., அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா சுமார் 9 கி.மீ. பஸ்ஸும் ரயிலும் இருந்தாலும், கூடாரத்திலிருந்து ஜம்ராத்துக்குப் போய்வருவது பெரும்பாலும் நடைதான்.

நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதல்ல என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இங்கே வியர்த்தால் சட்டை நனைந்து காட்டிக்கொடுக்கும். அங்கே காற்று வறண்டது. வியர்வை உடனே காய்ந்துவிடும். எவ்வளவு நீர் வெளியேறியது என்பதே தெரியாது. வயதானவர்களுக்குத் தாக உணர்வும் குறைவு. கழிப்பறை வரிசைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். இது மிகவும் ஆபத்து. தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்த நீர் போதவில்லை என்று பொருள்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை:

1. இரண்டு மாதம் முன்பே தினமும் பஜ்ருக்குப் பின் நடக்கத் தொடங்குங்கள். ஆற்றங்கரையோ, பாளையங்கோட்டை மைதானமோ, எதுவானாலும் சரி. கடைசி இரண்டு வாரம் காலை வெயில் ஏறும் நேரத்தில் கொஞ்சம் நடந்து பழகுங்கள். உடல் வெப்பத்துக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும். இதய நோயாளிகள் டாக்டரிடம் கேட்டபிறகே இதைச் செய்யவும்.
2. பிரஷர், சர்க்கரை, இதய நோய் மாத்திரை சாப்பிடுபவர்கள், குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், வெயிலில் அளவை மாற்ற வேண்டுமா, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். தாமாக நிறுத்தக் கூடாது.
3. வெளிர் நிறக் குடை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வாசனை இல்லாத சோப்பு, செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை வாங்குங்கள். செருப்பைத் தொலைத்துவிட்டு வெளிச்சாலையில் வெறுங்காலுடன் நடந்தால் பாதம் கொப்பளித்துவிடும்.

இஹ்ராமில் ஆண்கள் தலையில் துணி போடக் கூடாது. ஆனால் குடை பிடிக்கலாம், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். நபி (ஸல்) அவர்கள் தமது ஹஜ்ஜில் கல்லெறியச் சென்றபோது, பிலால் (ரலி), உஸாமா (ரலி) இருவரில் ஒருவர் வெயில் படாமல் துணியை உயர்த்திப் பிடித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

நம் பெரியவர்கள் சக்கர நாற்காலி என்றால் கூச்சப்படுகிறார்கள். "நடந்து செய்தால்தான் நன்மை, நான் நடப்பேன்" என்பார்கள். ஹஜ்ஜுக்கு நடந்தே செல்வதாக நேர்ச்சை செய்த ஒரு முதியவர், இரு மகன்களின் தோளில் தொங்கியபடி வந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். அவர் தம்மை இப்படி வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறச் சொன்னார்கள். நோயுற்றிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களை வாகனத்தில் அமர்ந்தே தவாஃப் செய்யச் சொன்னார்கள். மார்க்கம் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே. இதை வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் பிள்ளைகள் இப்போதே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அரஃபாவில் மலை மீது ஏற வேண்டியதில்லை. எல்லைக்குள் கூடாரத்தில் இருந்து துஆ செய்தாலே வுகூஃப் நிறைவேறும். பிறை 11, 12இல் கல்லெறிய நண்பகலிலேயே போக வேண்டாம். குழுவுக்கு ஒதுக்கிய நேரத்தைப் பார்த்து, வெயில் தாழ்ந்தபின் செல்லலாம். இரவு நேரம், இயலாதவருக்காக வேறொருவர் எறிவது ஆகியவற்றின் சட்டத்தை ஆலிமிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நடையை நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் உளறினாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. உடனே உதவிக்கு ஆள் அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

தனியாக யாரையும் விடாதீர்கள். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டே நடங்கள். அல்லாஹ் அனைவரின் ஹஜ்ஜையும் ஏற்று, நலமாக ஊர் திரும்பச் செய்வானாக. ஆமீன்.